கட்டுச்சோறும் எல்லைக்கோடும்

கோடைக்காலம் வந்துவிட்டால் மனிதர்களுக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. மலையில் இருப்பவர்கள் கடலைப் பார்க்க இறங்கி வருகிறார்கள். கடற்கரையில் இருப்பவர்கள் மலையைப் பார்க்க ஏறிப் போகிறார்கள். வழியில் இரு சாராரும் ஒரே காப்பி ஹோட்டலில் சந்தித்து, "இந்த வெயிலில் எதற்காகத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினோமோ?" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் அடுத்த வருஷம் கிளம்பாமல் இருப்பதில்லை.

மீமிசல்வாசிகளாகிய எங்களுக்குக் கிளம்புவதற்கு இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கோடையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமல்ல, கடலுக்கும் விடுமுறை. ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்கி ஜூன் 14ஆம் தேதி வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காகச் சர்க்கார் ஏற்படுத்திய தடைக்காலம் அது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வரிசையாக ஓய்ந்து நிற்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் பூசுவார்கள். அந்த வேலையும் முடிந்துவிட்டால், வருஷம் முழுவதும் வீட்டில் தங்காத புருஷர்கள் வீட்டில் தங்குவார்கள். அதனால் வீட்டிலே உண்டாகும் நெருக்கடியைப் பற்றி அவர்களுடைய மனைவிமார்களைக் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

ஆகவே, "எல்லோரும் சேர்ந்து எங்காவது போய் வரலாம்" என்ற யோசனை இந்த வருஷம் எங்கள் தெருவில் பிறந்தபோது அதை முதலில் ஆதரித்தவர்கள் பெண்மணிகளே.

ஏழு குடும்பங்கள், பெரியவர்களும் குழந்தைகளுமாக 31 பேர், ஒரு சிறிய வாடகை பஸ், இரண்டு நாள் பிரயாணம். இவ்வளவுதான் விஷயம். இதற்காக எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு மாலைகள் மகாநாடு நடந்தது. ஓய்வுபெற்ற வாத்தியாரையா தாமாகவே தலைமை வகித்தார். துணிக்கடை பாய் பொருளாளர். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் காரியதரிசி. அதாவது, கையில் செல்போனை வைத்துக்கொண்டு மற்றவர்கள் சொல்வதையெல்லாம் மறுப்பவன். எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தா ஒருத்தி. அவளுக்குப் பதவி ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் சம்மதியாமல் ஒரு தீர்மானமும் நிறைவேறாது. படகு டிரைவர் ஒருவரும் வந்திருந்தார். அவர் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மாலை முழுவதும் சாப்பாட்டைப் பற்றிய விவாதத்தில் கழிந்தது. அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிரயாணத்தில் மனம் சந்தோஷமாக இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் மத்தியானச் சாப்பாடுதான் முக்கிய காரணம். வெயிலில் தேங்காய் சேர்த்த எதுவும் பத்து மணிக்கே கெட்டுவிடும். ஆகவே சட்னிக்குத் தடை விதிக்கப்பட்டது. புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும் என்று முடிவாயிற்று. தயிர்சாதத்தைத் தயிர் விட்டுப் பிசையக் கூடாது. ஆறிய சாதத்தில் காய்ச்சிய பாலை விட்டுக் குழைத்து, ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்து மூடி வைத்தால், மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். இது என் மனைவியார் கமிட்டிக்கு அளித்த யோசனை. பாய் வீட்டார் நெய்ச்சோறு கொண்டுவருவோம் என்று நின்றார்கள். "கொண்டு வாருங்கள், ஆனால் அதைக் காலையிலேயே தின்றுவிட வேண்டும்" என்றாள் அப்பத்தா. எள்ளுருண்டையும் முறுக்கும் ஏகமனதாக நிறைவேறின.

இரண்டாம் நாள் மாலையில்தான் "எங்கே போவது?" என்ற கேள்வி எழுந்தது.

மீமிசல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு வலப்பக்கம் திரும்பினால் ஒரு தேசம், இடப்பக்கம் திரும்பினால் இன்னொரு தேசம். தெற்கே போனால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடி. வடக்கே போனால் மணமேல்குடி, கட்டுமாவடி, சேதுபாவாசத்திரம், முத்துப்பேட்டை, வேதாரணியம், வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி. தெற்குக் கட்சி, வடக்குக் கட்சி என்று மகாநாடு இரண்டாகப் பிரிந்தது.

அப்போது காரியதரிசித் தம்பி எழுந்து, "ஐரோப்பாவிலே ஜனங்கள் காலையில் ஒரு நாட்டில் பலகாரம் சாப்பிட்டு, மத்தியானம் இன்னொரு நாட்டில் சாப்பிடுகிறார்கள். நாமும் ஓர் எல்லையையாவது தாண்ட வேண்டாமா?" என்றான்.

வாத்தியாரையாவுக்கு இது போதும். "எல்லைதானே வேண்டும்? நீ உட்கார்ந்திருக்கும் திண்ணையையே எத்தனை எல்லைகள் தாண்டிப் போயிருக்கின்றன, தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னது முழுவதும் சரித்திரம். ஒரு காலத்தில் மேற்கே புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம் இருந்தது. அதற்குத் தனி ராஜா, தனி அம்மன் காசு எல்லாம் உண்டு. ஒன்றுதான் கிடையாது, கடல். நாலு புறமும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஜில்லாக்கள் அதைச் சூழ்ந்திருந்தன. மீமிசலோ தஞ்சாவூர் ஜில்லாவில், அறந்தாங்கித் தாலூகாவைச் சேர்ந்தது. சற்றுத் தெற்கே போனால் இராமநாதபுரம் ஜில்லா. 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டை தனி ஜில்லா ஆயிற்று. அறந்தாங்கிப் பக்கம் அதோடு சேர்ந்தது. சமஸ்தானமாக இருந்தபோது புதுக்கோட்டைக்குக் கிடைக்காத கடல், ஜில்லாவானபோது கிடைத்துவிட்டது. "அன்றைக்குப் பொங்கல். இராத்திரி தஞ்சாவூர் ஜில்லாவில் படுத்தவர்கள் காலையில் புதுக்கோட்டை ஜில்லாவில் எழுந்து பால் பொங்கினார்கள். ஊர் ஓர் அங்குலமாவது நகர்ந்ததா?" என்று கேட்டார் வாத்தியாரையா.

"இதெல்லாம் எல்லையா, ஐயா? கொடி மாற வேண்டும், பாஷை மாற வேண்டும்" என்றான் தம்பி.

"அப்படியானால் வடக்கே போ. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். அங்கே காரைக்கால் எல்லை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த இடம். நம்முடைய நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் ஏழு வருஷம் அங்கே மூவர்ணக் கொடி பறந்தது. ஆனால் அது பிரான்சு தேசத்து மூவர்ணம். 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கை மாறிற்று. சட்டப்படி முழுவதும் முடிந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி. அதற்கும் வடக்கே தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் வந்து கோட்டை கட்டி, 1845இல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போன ஊர். ஒரே நாளில் மூன்று ஐரோப்பிய இராஜ்யங்கள் உனக்குப் போதாதா?"

காரைக்கால் என்ற பெயர் காதில் விழுந்ததும் கமிட்டியில் இருந்த இரண்டு மூன்று புருஷர்களுக்குச் சரித்திர ஆராய்ச்சியில் திடீரென்று ஆர்வம் உண்டானதை நான் கவனித்தேன். வடக்குக் கட்சிக்கு ஆதரவு பெருகிற்று. "காரைக்காலில் அம்மையார் கோயில் இருக்கிறதே, அதற்குத்தானே போகிறீர்கள்? நானும் உங்களோடு கூடவே வருகிறேன்" என்றாள் அப்பத்தா. ஆர்வம் உடனே தணிந்தது.

பழைய எல்லைகளெல்லாம் இப்போது எவ்வளவு மெலிந்துவிட்டன, பாருங்கள்! வாஞ்சூரில் ஒரு காலத்தில் சுங்க உத்தியோகஸ்தர் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார். இன்று அந்த எல்லையில் மிஞ்சியிருப்பது ஒரு சோதனைச் சாவடியும், பெட்ரோல் விலையில் சிறிது வித்தியாசமும், வாடகை வண்டிக்கு வேண்டிய பெர்மிட்டும்தான். திரும்பி வரும்போது வண்டியில் புட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றபடி, குழந்தைகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல்லை எங்கே? எல்லை எங்கே?" என்று கேட்பதற்குள் எல்லை பின்னால் போய்விடும்.

மூன்றாம் நாள் வடக்குக் கட்சி வெற்றி பெறும் நிலைமையில் இருந்தது. காலைப் பலகாரம் மனோராவில் என்று நிச்சயித்தோம். ஐரோப்பாவில் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடுவதற்காகத் தஞ்சை சரபோஜி மன்னர் சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையிலே கட்டிய எட்டு நிலைக் கோபுரம் அது. யாரோ யாரையோ ஜெயித்ததற்கு நம்முடைய கரையில் கோபுரம்! போகட்டும், இட்டிலி சாப்பிடுவதற்கு நல்ல நிழல்.

மத்தியானச் சாப்பாடு வேதாரணியத்தில். இதைச் சொன்னபோது வாத்தியாரையாவின் குரல் மாறிவிட்டது. 1930ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜியும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் உப்பு எடுப்பதற்காக நடந்து புறப்பட்டது இந்த ஊரை நோக்கித்தான். சித்திரை வெயிலில் 15 நாள், சுமார் 150 மைல். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் இடம் கொடுக்கிறவர்களுக்கும் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரிக்கை விடுத்திருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மரம் சோறு போட்டால் மரத்தைக் கைது செய்ய முடியுமா? தொண்டர்கள் பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு நடந்தார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி உப்பை அள்ளினார்கள், சிறைக்குப் போனார்கள்.

"கோடைக்காலத்தில் கூட்டமாகச் சாலைப் பிரயாணம் போய், வழியில் மரத்தடியில் கட்டுச்சோறு தின்பது என்றால் அதுதான்!" என்றார் வாத்தியாரையா. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. புளியோதரையைப் பற்றி அவ்வளவு சண்டை போட்டதற்காக எங்களுக்குச் சிறிது வெட்கமாகக்கூட இருந்தது.

தெற்குக் கட்சியின் தலைவி அப்பத்தா. அவள் எளிதில் விட்டுக்கொடுப்பாளா? "எல்லை, எல்லை என்கிறீர்களே! தனுஷ்கோடியைப் போல எல்லை உண்டா?" என்றாள்.

உண்மைதான். 1914ஆம் வருஷம் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரையில் போகலாம். ரயில் தனுஷ்கோடி வரையில். அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 22 மைல் கப்பல். அப்புறம் மறுபடியும் ரயில். போட் மெயில் என்று பெயர். டிக்கெட் வாங்கியவர்களுக்கு எல்லை என்பது கப்பலில் காப்பி சாப்பிடும் நேரம். ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களுக்கு அப்படி இல்லை. அவர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்காக நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற ரயில் ஸ்டேஷன் பெயர் இன்றைக்கும் அதற்குச் சாட்சி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியும் ரயிலும் கடலோடு போயின. 1983க்குப் பிறகு அந்த மணல்திட்டில் வந்து இறங்கியவர்கள் டிக்கெட்டும் இல்லாமல், மூட்டையும் இல்லாமல், உயிரை மட்டும் கொண்டுவந்தார்கள்.

"எங்கள் அப்பா தோணியிலே யாழ்ப்பாணம் போவார். 'அந்தக் கரைக்குப் போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார், ஒரு நாளும் 'வேற நாட்டுக்கு' என்று சொன்னதில்லை" என்றாள் அப்பத்தா.

அப்போதுதான் காரியதரிசித் தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்பத்தா! நாகப்பட்டினத்திலிருந்தே அந்தக் கரைக்குக் கப்பல் இருக்கிறது!"

2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் பருவ மழையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். பிறகு 2024 ஆகஸ்டு 16ஆம் தேதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடியும் ஆரம்பித்தார்கள். காற்று, மழையைப் பார்த்து இடையிடையே நிறுத்துவார்கள். ஆகவே விசாரித்துக்கொண்டே கிளம்ப வேண்டும். நாலு மணி நேரப் பிரயாணம். பாஸ்போர்ட்டும் இலங்கை அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

"பாஸ்போர்ட் யார் யாரிடம் இருக்கிறது?" என்று பாய் கேட்டார். கணக்கெடுத்தால், ஏழு குடும்பத்தில் ஐந்து குடும்பத்தில் இருக்கிறது! சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போவதற்காக வாங்கியவை. கடலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான மைல் போய் வந்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் எதிர்க்கரைக்குப் போய் வந்தவர் ஒருவரும் இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லி வியந்தேன்.

"நான் போயிருக்கிறேன், ஐயா" என்று தூணோரத்திலிருந்து குரல் வந்தது.

படகு டிரைவர் மூன்று நாளில் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் போன கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவு, எல்லையைத் தாண்டியதாகச் சொல்லி அவருடைய படகை இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டார்கள். "தாண்டினாயா?" என்று வாத்தியாரையா கேட்டார். "தாண்டினோம், ஐயா. பொய் சொல்லக் கூடாது. நம்முடைய பக்கத்தில் மீன் இல்லை" என்றார் அவர். விடியற்காலையில் மயிலிட்டித் துறையில் இறக்கினார்கள். அது காங்கேசன்துறைக்கு மிக அருகில் இருக்கிறது. பிறகு கோர்ட்டு; பிறகு யாழ்ப்பாணச் சிறை. ஒரு மாதத்துக்குப் பின் விடுதலை செய்து கொழும்பிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். போகும்போது படகு, வரும்போது விமானம். படகு இன்னும் அங்கேயே கிடக்கிறது.

"ஆகாய விமானம் ஏறினவர் எங்கள் வீட்டில் இவர் ஒருத்தர்தான்" என்றார் அவர் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் என் மனத்தைவிட்டு அகலாத பகுதி வேறு. மயிலிட்டித் துறையில் அவர்களை உட்கார வைத்திருந்தபோது, அவ்வூர் மீனவர் ஒருவர் தேத்தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாராம். குடித்து முடிக்கும் வரையில் எதிரே குந்தியிருந்துவிட்டு, "தம்பி, உங்களைக் கோவிக்கேல்லை. போன கிழமை உங்கட இழுவைப்படகு எங்கட வலையளை வாரிக்கொண்டு போட்டுது. மனிசியின்ர நகையை அடைவு வைச்சு வாங்கின வலை" என்றாராம்.

"எனக்குத் தேத்தண்ணீர் இறங்கவில்லை, ஐயா. பிடித்தவர்கள் மேல் கோபம் வந்தது. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அவர் பேசுவதும் தமிழ், அவர் இழந்ததும் வலை" என்றார் டிரைவர்.

வாத்தியாரையா மெதுவாகச் சொன்னார்: "1974 ஜனவரியில் நம்முடைய ஜில்லா எல்லை மாறிற்று என்றேனே, அதே 1974 ஜூன் மாதத்தில்தான் பாக்கு நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு போட்டுக்கொண்டன. 285 ஏக்கர் கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. தீவுக்குப் போய்வர நம்முடைய மீனவர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் பாஸ்போர்ட் வேண்டாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 1976இல் மீன்பிடிக்கும் உரிமையும் இல்லையென்று ஆயிற்று. 2017இல் இழுவைமடியையே இலங்கை தன் கடலில் சட்டத்தால் தடுத்துவிட்டது."

ஒரே வருஷத்தில் இரண்டு கோடுகள்! தரையில் போட்ட கோடு எங்களுக்கு ஒரு வலியையும் கொடுக்கவில்லை. புதுக்கோட்டை ஜில்லாக்காரன் தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் போகலாம், பெண் எடுக்கலாம், கடை வைக்கலாம். தண்ணீரில் போட்ட கோடோ ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் ஆறாத ரணமாக இருக்கிறது. கடலில் கோடு கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. எங்கள் ஊர்ப்பக்கத்தில் தோட்டத்துக்கு வேலி போட்டால், அதில் ஒரு படலும் வைப்பார்கள். படலைத் திறந்துகொண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருவார். "உன் மாடு என் பயிரை மேய்ந்துவிட்டது" என்று சண்டை போடுவார். சண்டை தீர்ந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். படல் இல்லாத வேலியைத் தாண்டுகிறவன் திருடனாகத்தான் தாண்ட வேண்டும். மயிலிட்டிக்காரரும் எங்கள் டிரைவரும் உட்கார்ந்து பேசுவதற்கு இத்தனை காலமாக இருந்த ஒரே வழி, இவர் கைதியாகப் போவதுதான் என்றால் அது என்ன நியாயம்?

அவருடைய வலை அறுந்த வழக்கு ஒரு பிரயாணத்தினால் தீர்ந்துவிடாது. எங்கள் பக்கத்து இழுவைமடி மாற வேண்டும். அதற்கு வேறு தொழிலும் முதலும் வேண்டும். பிடித்த படகுகளும் திரும்பி வர வேண்டும். இவையெல்லாம் இரண்டு சர்க்கார்களும் மீனவர்களும் உட்கார்ந்து செய்ய வேண்டிய காரியங்கள். ஆனால் காங்கேசன்துறைக் கப்பல் ஒரு படல். அதன் வழியாகச் சாதாரண ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்தால், அந்தக் கரையில் இருப்பவர் 'எல்லைக்கு அப்பாலுள்ளவர்' என்பது போய், 'எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தவர்' என்று ஆகும்.

நான்காம் நாள் மாலை தீர்மானங்கள் நிறைவேறின. இந்த வருஷம் வடக்கே நாகப்பட்டினம் வரையில் போவது. மனோராவில் பலகாரம், வேதாரணியத்தில் மரத்தடியில் கட்டுச்சோறு, இரவு நாகூரில் தங்குவது, மறுநாள் காலையில் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலைப் பற்றிய விவரங்களை நேரில் கேட்டு வருவது. காரைக்கால் அடுத்த பிரயாணத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இதற்கு இரண்டு மூன்று பேர் ஆட்சேபித்தும் பயனில்லை. தெற்குக் கட்சியைத் திருப்திப்படுத்துவதற்காகத் தசரா விடுமுறையில் தனுஷ்கோடி. அங்கே கடலில் இறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்தாயிற்று. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்தக் கோடையிலேயே விண்ணப்பம் போடுவது. அடுத்த வருஷத் தடைக்காலத்தில் காங்கேசன்துறை.

"ஒரு தடவை வழக்கில் அகப்பட்டவனுக்கு அனுமதி கொடுப்பார்களா, ஐயா?" என்று டிரைவர் கேட்டார்.

"கேட்டால்தானே தெரியும்? விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்" என்றார் வாத்தியாரையா.

அவர் மனைவியைப் பார்த்து நான், "ஏனம்மா, கப்பலில் போகப் பயமில்லையே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"கப்பலில் போறதுக்கு என்ன பயம், அண்ணே? ஜூன் 15ஆம் தேதி இவுக படகிலே போறாகளே, அதுக்குத்தான் பயம்" என்றார்.

அதற்குப் பதில் சொல்லத் திண்ணையில் இருந்த ஒருவராலும் முடியவில்லை. அப்பத்தா மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். "பொட்டலம் முப்பத்தொண்ணு போதாது. வேதாரணியத்திலே ஒரு பொட்டலத்தை மரத்திலே கட்டிட்டு வரணும். யாராவது பசியோட போறவுக எடுத்துக்கட்டும்" என்றாள். உணவுக் கமிட்டி அதை மறுவார்த்தை இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

வாடகை பஸ் டிரைவர் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, "பெர்மிட் எதுவரைக்கும் எடுக்க, சார்? எல்லை தாண்டுமா?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் தாண்டாது" என்றார் பொருளாளர் பாய்.

புறப்பாடு விடியற்காலை நாலு மணிக்கு. தயிர்சாதத்துக்குப் பால் சொல்லியாகிவிட்டது.